எண்பத்தாறு பாசிமணிகள்

1964 அக்டோபர் 29, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டேகால் மணி. பிரேசர் டவுனில், காலஞ்சென்ற ஆதிகேசவனின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் விவரம் வருமாறு.

ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் துப்பறியும் சுந்தரராமன். வாசற்கதவை ஒட்டிய முக்காலியில், மடியில் குறிப்பு நோட்டுடன், அவருடைய உதவியாளர் பிரிஜெட். சமையலறை நிலைப்படிக்கு உள்பக்கம், பாய்மேல், ஆதிகேசவனின் மனைவி யசோதா. அறையின் நடுவே மேஜை. மேஜைமேல் ஒரு மரச்சட்டம், அதில் மூன்று வரிசையாகப் பதினைந்து தீப்பெட்டிகள். மேஜைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை, உட்காரும்படி யாரும் சொல்லவும் இல்லை.

இன்னும் ஒருவனைச் சேர்க்க வேண்டும், ஆனால் அவன் அறைக்குள் இல்லை. எதிர்ச்சாரி டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே, தூறலுக்கு ஒதுங்கி நின்றிருந்தான். பெயர் ஜெயராஜ். இந்த வீட்டு வாசற்படியை அவன் மிதிக்கக் கூடாது என்பது யசோதாவின் உத்தரவு.

பிரிஜெட் தீப்பெட்டிகளை ஒரு சுற்று பார்த்தாள்.

"பதினஞ்சு சாட்சி இருக்கு சார். ஒவ்வொண்ணும் வாயத் திறக்கணும்னா நாமதான் விரலால தள்ளணும்."

சுந்தரராமனுக்கு அவசரம் இல்லை. மைசூர் சமஸ்தானம் இருந்த காலத்தில் சர்க்கார் கச்சேரியில் பழைய தஸ்தாவேஜுகளுக்கு நடுவே இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர். காகிதமோ பெட்டியோ, அதற்குரிய நேரத்தில் அது பேசும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு.

விஷயம் இதுதான். ஆதிகேசவனும் ஜெயராஜும் ஒரே அளவுகருவித் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை பார்த்தவர்கள். ஆதிகேசவன் மூத்த ஃபிட்டர். ஜெயராஜ் நீலசந்திராவிலிருந்து சைக்கிளில் வந்து போகிற தற்காலிக ஊழியன். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், தானே கற்றுக்கொண்டு விளையாடும் யந்திரங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதை வாசகசாலையில் உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு, பதினோரு நாள் படித்தார் ஆதிகேசவன். பிறகு தீப்பெட்டிகளைச் சேர்க்க ஆரம்பித்தார். முடிந்ததும் அதற்குச் சிகாமணி என்று பெயர் வைத்தார்.

ஆட்டம் எளிது. மேஜையில் பதினைந்து புளியங்கொட்டை. இருவரும் மாற்றி மாற்றி ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. சிகாமணியின் முறை வரும்போது, எத்தனை கொட்டை மிச்சமோ அந்த எண் எழுதிய தீப்பெட்டியைக் குலுக்கி, பார்க்காமல் ஒரு பாசிமணியை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் ஒரு கொட்டை, வெள்ளை வந்தால் இரண்டு, பச்சை வந்தால் மூன்று. ஆட்டத்தில் சிகாமணி ஜெயித்தால், எந்தெந்தப் பெட்டியிலிருந்து எந்த நிறம் வந்ததோ அந்தப் பெட்டியில் அதே நிறத்தில் இன்னொரு மணி கூடப் போட வேண்டும். அது பரிசு. தோற்றால், வந்த மணியைத் திருப்பிப் போடக் கூடாது. அது தண்டனை. இப்படியே ஆட ஆட, ஜெயிக்க வைத்த நிறம் பெட்டியில் பெருகும், தோற்க வைத்த நிறம் குறையும். தீப்பெட்டிக்கு யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டாம்.

"இதுக்கு மூளை இருக்குன்னா, எங்க வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் ஒரு டிகிரி குடுக்கலாம்" என்று பிரிஜெட் முதல்நாள் அலுவலகத்தில் சொல்லியிருந்தாள். இந்த அறைக்குள் வந்தபின் அதைத் திருப்பிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

செப்டம்பர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழா. ஜெனரல் மானேஜர் முன் வரிசையில். சிகாமணி பன்னிரண்டு பேருடன் பன்னிரண்டு ஆட்டம் ஆடிற்று. பன்னிரண்டிலும் தோற்றது. ஒன்பதாவது ஆட்டத்துக்குப் பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, பீடி பற்றவைக்க ஒரு குச்சி கிடைக்குமா என்று கேட்டாராம். கூடமே சிரித்தது. ஆதிகேசவன் மற்ற மூன்று ஆட்டத்தையும் நிறுத்தாமல் ஆடி முடித்துவிட்டு, சட்டத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாளிலிருந்து லீவு போட்டார். செப்டம்பர் பதினேழாம் தேதி காலை, அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம் இரண்டு வருஷமாகவே பலவீனம் என்றார் டாக்டர்.

யசோதா டாக்டர் சொன்னதை ஏற்கவில்லை. விழாவில் சிகாமணிக்காகப் பெட்டியைக் குலுக்கி மணி எடுத்தவன் ஜெயராஜ். அதற்கு முந்தின ஞாயிறு அவனுக்கும் ஆதிகேசவனுக்கும் வாக்குவாதம். 'உனக்குப் பொறாமை' என்று கணவர் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கணவர் இறந்த அன்று வாசலில் அவன் விட்டுப் போன கருவிப் பைக்குள் ஒரு பொட்டலம் பச்சை மணி கிடைத்தது. விழா நாளன்று சிகாமணி திரும்பத் திரும்ப எடுத்துத் தோற்றது பச்சை மணியைத்தான். அவன்தான் பெட்டிகளில் பச்சையைத் திணித்துக் கெடுத்தான் என்று அவள் தொழிற்சாலைக்குப் புகார் எழுதினாள். பொறுப்பான ஒருவர் விசாரித்து எழுத்தில் தந்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்று ஊழியர் அதிகாரி கோவிந்தப்பா பதில் போட்டார். அந்தப் பொறுப்பான ஒருவராகத்தான் சுந்தரராமன் வந்திருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. ஜெயராஜின் வேலை நிரந்தரமாவதற்கான காகிதம் கோவிந்தப்பாவின் மேஜையில் இருந்தது. அவர் போனில் சுந்தரராமனிடம் தெளிவாகவே சொல்லிவிட்டார். யார் செய்தது என்று தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் சந்தேகம் அவன் பேரில்தான் நிற்கும், சந்தேகம் நிற்கிறவனை நிரந்தரம் பண்ண முடியாது, வெளியேதான் அனுப்ப வேண்டும். இன்று நாலரை மணித் தபாலில் சேர்த்தால் காலை முதல் டெலிவரியில் கடிதம் அவர் கைக்குப் போகும்.

சுந்தரராமன் பொட்டலத்தைக் கேட்டார். யசோதா அதை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள், கையால் தொட்டுத் தர விருப்பமில்லாதவள் போல.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கமர்ஷியல் தெருக் கடைக்காரர் கட்டிக் கொடுத்த பழுப்புக் காகிதம். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய வெள்ளை நூல். முடிச்சின் மேல் ஒரு பொட்டு அரக்கு.

"அரக்கு உடையலை" என்றார். "பிரிஜெட், நீ போய் அவனைக் கேட்டுட்டு வா. இது எதுக்கு வாங்கினான், யார் வாங்கச் சொன்னா, சண்டை எதைப் பத்தி. மூணே கேள்வி."

"நாலாவதா ஒரு டீ கேக்கலாமா சார்?"

"கேளு. அவனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

டீக்கடையில் ஜெயராஜ் டீயை வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. முப்பது வயது இருக்கும். தொழிற்சாலைக் காக்கிச் சட்டை தோளில் நனைந்திருந்தது. ஆறு வாரமாக வியாழக்கிழமைதோறும் ஷிப்டு மாற்றிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறான் என்று டீக்கடைக்காரர் தானாகவே சொன்னார்.

மணியை வாங்கச் சொன்னது ஆதிகேசவன். பச்சை மணி வீட்டில் தீர்ந்துகொண்டே வந்ததாம். விழாவுக்கு முதல்நாள் வாங்கிப் பையில் வைத்தான், கொடுக்க நேரம் வரவில்லை. சண்டை, சிகாமணி ஆடுகிற விதத்தைப் பற்றி.

"நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து சிகாமணிகூட ஆடுவேன் மிஸ். என்கிட்ட ஒரு ஆட்டம்கூட அது ஜெயிக்கல. அண்ணன் நோட்டைக் காமிச்சு, பாருடா எத்தனை வெற்றின்னாரு. எனக்குப் புரியல. அண்ணே, இது முட்டாளாட்டம் ஆடுது, ஜி.எம். முன்னாடி வைக்காதீங்கன்னேன். பொறாமைன்னாரு." ஜெயராஜ் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். "அதுக்கப்புறம் ஹால்ல பெட்டியக் குலுக்கச் சொன்னதோட சரி. வேற பேசல."

"அப்புறம் பாக்கவே இல்லியா?"

"ஒரு ஆள்கிட்ட சொல்லி அனுப்பிச்சாரு, இருபதாம் தேதி ஞாயித்துக்கிழமை வாடான்னு. நான் பதினேழாம் தேதியே வந்தேன். வாசல்ல நிறுத்திட்டாங்க. முகம் பாக்க விடல."

பிரிஜெட் மூன்று பதிலையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். டீக்குக் காசு வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

அவள் திரும்பும்போது சுந்தரராமன் தீப்பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றின் மணியையும் தனித்தனிச் சாஸரில் கொட்டி எண்ணி முடித்திருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஐந்தாம் எண் பெட்டியின் சாஸரை அவள் பக்கம் தள்ளினார்.

"அறுபத்தொரு பச்சை. ரெண்டு வெள்ளை. சிவப்பு இல்லவே இல்லை. ஆரம்பத்தில் நிறத்துக்கு ரெண்டுதான் போட்டிருக்கார், நோட்டில் எழுதியிருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"அஞ்சு கொட்டை இருக்கும்போது மூணை எடுத்து மூணை எடுத்து ஜெயிச்சிருக்கு."

"மூணை எடுத்தா மிச்சம்?"

"ரெண்டு." பிரிஜெட் நிறுத்தினாள். "எதிராளி அந்த ரெண்டையும் அள்ளிட்டு எந்திரிச்சுப் போயிடுவானே சார்."

"போகலை. ஐம்பது அறுபது தடவை போகலை. ரெண்டில் ஒண்ணை மட்டும் எடுத்து, கடைசியை இதுக்கு விட்டு வெச்சிருக்கா யாரோ."

ஒன்றாம் எண் பெட்டியும் அதையே சொல்லிற்று. ஒரே ஒரு கொட்டை மிஞ்சும்போதுதான் அந்தப் பெட்டிக்கு வேலை. அதில் இரண்டு சிவப்பு மணியுடன் தொடங்கியது எண்பத்தாறில் நின்றது. இரண்டாம் பெட்டியிலும் மூன்றாம் பெட்டியிலும் ஒரு மணிகூடக் கூடவில்லை. அதாவது, சிகாமணி ஜெயித்த ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரு கொட்டைதான் அதற்காக மேஜையில் காத்திருந்தது.

"ஒருத்தன் தெரியாம ஆடினா சில சமயம் தோப்பான், சில சமயம் ஜெயிப்பான்" என்றார் சுந்தரராமன். "இப்படித் துல்லியமாத் தோக்கறதுக்கு நன்னா ஆடத் தெரிஞ்சிருக்கணும். விழாவன்னிக்குக் காலையில் யாரோ கைநிறையப் பச்சையைத் திணிச்ச கதையும் இல்லை இது. தினம் கொஞ்சமா, வாரக்கணக்கில் ஊட்டியிருக்கு. ஒண்ணாம் பெட்டியில் எண்பத்திநாலு வெற்றியையும் பொறுமையா ஒவ்வொண்ணாப் போட்டிருக்கா. ஜெயராஜ் வாங்கின பொட்டலம் அரக்கோட அப்படியே இருக்கு."

ஆதிகேசவனின் நோட்டு மேஜையில் திறந்திருந்தது. ஆகஸ்ட் முதல் திங்கள் தொடங்கி, தேதிவாரியாக, கட்டம் போட்டு, வெற்றி தோல்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் தோல்வி. மற்ற நாட்களில் தினம் மூன்று ஆட்டம். ஐந்து வாரத்தில் தொண்ணூறு ஆட்டத்துக்கு எண்பத்துநான்கு வெற்றி. ஆடியவர் பெயருக்குக் கட்டம் இல்லை.

சுந்தரராமன் குரலைத் தணித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார். வாரநாட்களில் இதனுடன் ஆடியது யார் என்று கேட்டார்.

யாரும் ஆடவில்லை என்றாள் யசோதா. அவர் காலை ஏழுக்குப் போனால் சாயந்திரம் ஐந்தாகும், வந்ததும் நோட்டு எழுதுவார், தூங்கிவிடுவார். ஜெயராஜுக்கும் அதே ஷிப்டு.

"நோட்டில் மூணு மூணு ஆட்டம் எழுதியிருக்காரேம்மா."

"அது நான் சொல்லுவேங்க. எழுதிப்பாரு."

"நீங்க ஆடினேளா?"

"ஐயோ, எனக்கு எங்கங்க ஆடத் தெரியும். மத்தியானம் வேலை முடிஞ்சு, அவரு சொல்லிக் குடுத்தபடி பெட்டியக் குலுக்கி மணிய எடுப்பேன். கொட்டைய எடுத்து வெப்பேன். அவ்ளோதான். ஆடறதெல்லாம் அவங்க ரெண்டு பேருதான்."

பிரிஜெட் நிமிர்ந்து சுந்தரராமனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

மணிகளை அதனதன் பெட்டியில் திருப்பிப் போட்டபின், ஒரே ஒரு தடவை, மத்தியானத்தில் எப்படி உட்காருவாளோ அப்படி உட்கார்ந்து காட்ட முடியுமா என்று அவர் கேட்டார். யசோதா தயங்கினாள். பிறகு பாயிலிருந்து எழுந்து வந்து, சுந்தரராமன் காலி செய்துகொடுத்த பிரம்பு நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது. பிரிஜெட் அதன் பக்கத்தில் நின்றுகொண்டே சிகாமணிக்காகப் பெட்டியைக் குலுக்கினாள்.

பதினைந்தாம் பெட்டி வெள்ளை கொடுத்தது. இரண்டு கொட்டை போயிற்று. யசோதா மூன்று எடுத்தாள். பத்தாம் பெட்டி பச்சை. மூன்று போயிற்று. யசோதா மீதி ஏழையும் ஒரு கணம் பார்த்து, இரண்டை எடுத்தாள். அவள் விரல்களில் யோசனையே இல்லை. அரிசியில் கல் பொறுக்குகிற வேகம். மிச்சம் ஐந்து. பிரிஜெட் ஐந்தாம் பெட்டியைக் குலுக்கினாள். பச்சை.

மேஜையில் இரண்டு கொட்டை இருந்தது.

யசோதா ஒன்றை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். மற்றதைச் சுட்டுவிரலால் மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்தினாள்.

பிரிஜெட்டின் கையில் பெட்டி குலுங்காமல் நின்றது. "அக்கா, ரெண்டையும் எடுத்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களே."

"எடுக்கலாம்" என்றாள் யசோதா, சாதாரணமாக. "மொத வாரத்துலயே அது தெரிஞ்சுபோச்சு. ஆனா சாயந்திரம் வந்து செருப்பக் கழட்டறதுக்குள்ள கேப்பாரு, சிகாமணி இன்னிக்கு எத்தனைன்னு. மூணும் ஜெயிச்சான்னு சொன்னா அன்னிக்கு ரெண்டு தோசை சேத்துச் சாப்பிடுவாரு. கல்யாணமான நாள்லேருந்து பல்லாங்குழில, தாயத்துல, எதுலயும் நான் அவரை ஜெயிச்சதில்லீங்க. இத மட்டும் போய் ஜெயிப்பாங்களா?"

வெளியே தூறல் நின்றிருந்தது. தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் தெருவைத் தாண்டிக் கேட்டது.

யசோதா பிரிஜெட்டின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுந்தரராமனைப் பார்த்தாள். பிறகு ஐந்தாம் பெட்டியை. அதில் தெரிந்த பச்சையையெல்லாம் ஒவ்வொரு மத்தியானமும் அவளே தன் கையால் போட்டிருந்தாள்.

சுந்தரராமன் முந்திக்கொள்ளப் பார்த்தார். கட்டுரையிலேயே ஒரு குறை இருக்கிறது, யந்திரத்தின் அமைப்பில் கோளாறு என்று நான் எழுதிவிடுகிறேன், அதற்குமேல் கோவிந்தப்பா என்ன செய்வார் பார்க்கலாம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அது பலிக்காது என்று அவருக்கே தெரியும். யார் என்று சொல்லாத எந்தக் காகிதமும் ஜெயராஜைக் காப்பாற்றாது.

"அப்ப ஹால்ல அத்தனை பேரு சிரிச்சது" என்றாள் யசோதா, "நான் சொல்லிக் குடுத்ததப் பாத்தா?"

அவர் மெதுவாகத்தான் பதில் சொன்னார். "உங்காத்துக்காரர் எதிலும் தப்புப் பண்ணலைம்மா. கணக்கெல்லாம் சரி. ஒரே ஒரு இடத்தில் அந்தக் கட்டுரையை நம்பிட்டார். எதிர்த்தாப்பல உக்கார்றவா எல்லாரும் ஜெயிக்கத்தான் உக்கார்றான்னு அதில் எழுதியிருந்தது. நீங்க வேற எதுக்கோ உக்காந்தேள். அது தீப்பெட்டிக்குத் தெரியாது. ரெண்டு கொட்டை விட்டா ஜெயம்னு அது உங்களை நம்பிடுத்து."

யசோதா அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அவருக்குத் தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பாருங்க?"

சுந்தரராமன் நோட்டைக் கடைசியாக எழுதியிருந்த பக்கம் வரை புரட்டினார். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அவர் இதுவரை முடிவு செய்திருக்கவில்லை. இப்போது வேறு வழி இல்லை.

விழாவுக்குப் பிறகும் நோட்டு நிற்கவில்லை. செப்டம்பர் ஏழு முதல் பதினாறு வரை, நடுவில் ஒரு ஞாயிறு நீங்கலாக ஒன்பது நாள். நாளைக்கு மூன்று. இருபத்தேழு ஆட்டம், இருபத்தேழும் வெற்றி.

"அப்போ லீவில் இருந்தார். யார் குலுக்கினா?"

"அவருதான். இதோ இந்த நாற்காலியில உக்காந்து. நான் இப்படி எதிர்ல. மணிய அவரே எடுப்பாரு, அவரே எல்லாம்…"

"அவர் பார்க்கப் பார்க்கக் கொட்டையை விட்டேளா?"

அவள் தலை அசைந்தது. "மொத நாளு, ரெண்டு கொட்டை இருந்துச்சு. ஒண்ண எடுத்தேன். என்னையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தாரு. கடைசிக் கொட்டைய எடுத்துக் கையில உருட்டிக்கிட்டே, ஜெயிச்சுட்டான் யசோதான்னாரு. காபி போடுன்னாரு. நான் உள்ளே போயிட்டேன்."

"உங்க எண்பத்திநாலும், இந்த இருபத்தேழும் சேர்ந்தா நூத்திப் பதினொண்ணு. ஆரம்பத்து ரெண்டையும் சேர்த்தா ஒண்ணாம் பெட்டியில் நூத்திப் பதிமூணு மணி இருக்கணும். நான் மூணு தடவை எண்ணினேன். எண்பத்தாறுதான். நீங்க அடுப்புப் பக்கம் போனப்புறம் அவர் நோட்டில் வெற்றின்னு எழுதியிருக்கார், பெட்டியில் மணி போடலை. ஒருநாள்கூடப் போடலை." சுந்தரராமன் நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "அந்த வெற்றி யாரோடதுன்னு மொத நாளே அவருக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. தெரிஞ்சப்புறமும் ஒன்பது நாள் உங்களை ஆடக் கூப்பிட்டிருக்கார்."

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நோட்டின் மேல் கண்ணீர் படாதபடி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு. பிரிஜெட் பக்கத்தில் போய் நின்றாள். தோளில் கை வைக்கலாமா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகில் கை வைத்தாள்.

சுவர்க் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியபோது யசோதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜெயராஜ இருபதாம் தேதி வரச் சொல்லியிருந்தாராமே. வாசல்ல நின்னு கத்தினான். நான்தான் நம்பல." பிறகு, "அவன் சொன்னதுதான் சரின்னு, என்கிட்ட சொல்லாம அவன்கிட்ட மட்டும் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்திருப்பாரு" என்றாள்.

சுந்தரராமன் பேனாவை எடுத்தார். அறிக்கையைத் தாமே எழுதுவதாகவும், அவள் பெயரை எவ்வளவு குறைவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு குறைவாகச் சொல்வதாகவும் கூறினார்.

"வேணாங்க. புகார் நான் எழுதினேன். இதையும் நான்தான் எழுதணும்."

பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆற்காட்டுப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்துக்கள் பெரிதாக, ஒன்றோடொன்று இடிக்காமல் வந்தன. ஒரே பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை.

*ஊழியர் அதிகாரி கோவிந்தப்பா அவர்களுக்கு, ஆதிகேசவன் மனைவி யசோதா எழுதிக்கொண்டது. ஜெயராஜ் பேரில் நான் கொடுத்த புகார் தப்பு. அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். தீப்பெட்டியுடன் தினமும் ஆடியது நான். அது சந்தோஷப்படும்படியாக வேண்டுமென்றே தோற்றேன், அதனால் அது தப்பாகக் கற்றுக்கொண்டது. அவன் பையிலிருந்த மணிப் பொட்டலம் பிரிக்கப்படவில்லை, என் வீட்டுக்காரர்தான் வாங்கச் சொன்னார். தீப்பெட்டி தப்பாக ஆடுகிறது என்று முன்னாலேயே சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.*

பிரிஜெட் படித்துப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "'அது சந்தோஷப்படும்படியா'ன்னு எழுதியிருக்கீங்க அக்கா. 'அவர்'னு இருக்கணுமோ?"

யசோதா கொஞ்சம் யோசித்தாள். "அப்படியே இருக்கட்டும். ஆபீஸ்ல நாலு பேரு படிப்பாங்க."

கோவிந்தப்பாவுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான் வாசிக்க வரும். ஆகவே பிரிஜெட் கீழ்ப்பாதியில் அதையே இங்கிலீஷில் எழுதினாள். டைப் அடிக்கிற கடிதங்களில் வழக்கமாகத் தன் சரக்காக ஓர் அடைமொழியாவது சேர்ப்பவள், இன்று ஒரு சொல்லும் கூட்டவில்லை. சாட்சியாகச் சுந்தரராமன் கையெழுத்துப் போட்டார். யசோதா கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி, மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.

"குடுங்கக்கா, நான் ஓடிப்போய்ப் போட்டுட்டு வரேன். நாலு இருபது ஆயிடுச்சு."

"இல்லம்மா."

நாற்பத்திரண்டு நாளாக அவள் வாசலைத் தாண்டவில்லை. செருப்பு கட்டிலுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. தேடாமல் வெறுங்காலோடு இறங்கினாள். ஈரத் தெருவைக் கடந்து டீக்கடை ஓரம் வந்தபோது ஜெயராஜ் பதறிப் பின்னால் நகர்ந்து வழி விட்டான். அவள் நின்றாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கா கூப்பிட்டிருக்காங்க?"

"ஆமாங்க அண்ணி."

"நானும் வரேன். எந்த பஸ்ஸுன்னு தெரியாது. நீ வந்து கூட்டிட்டுப் போ."

அவன் தலையை ஆட்டினான்.

முனையிலிருந்த சிவப்புத் தபால் பெட்டிக்கு இன்னும் முப்பது அடி. யசோதா போய், மேல்பக்கம் இருக்கிற முகவரியை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு உறையை உள்ளே விட்டாள். சரியாக நாலரைக்குத் தபால்காரர் சைக்கிளைச் சாய்த்து வைத்து, பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கோணிப்பைக்குள் சரித்தார். பை பெரிதாக ஒன்றும் கனக்கவில்லை. அதைக் காரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, ஈரத்தில் வழுக்காமல் பார்த்து, மிதித்துக்கொண்டு போனார்.